கூப்பிடு தூரத்தில் ஒரு தூண்டில் கரை

முதல் நாள், இரவு

கூடாரம் அடித்து முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன். இந்த ஏரிக்கரை முகாமில் ஐந்து நாள். நாங்களும் ஐந்து பேர்: நான், வீட்டுக்காரர், 12 வயதுப் பெரியவன், 7 வயதுச் சின்னவள், அப்பா. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. ஆனால் தூண்டில் என்று சொன்னால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். சின்ன வயதில் ஓயாமல் பிடித்தவர். வேலை, வீடு, கடன் என்று ஓடியதில் எனக்குச் சொல்லித்தர நேரம் வாய்க்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்காவது சொல்லித்தர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

கிளம்பும் முன்பே இரண்டு விஷயங்களை முடிவு செய்துகொண்டோம். மீன் பிடிக்கும் இடத்துக்கென்று பெரிதாகப் பணம் செலவழிக்கக்கூடாது. இடம் கூடாரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் முதலாவதைவிட முக்கியம். சின்னவளுக்குக் கழிப்பறை போக வேண்டும் என்றாலும், அப்பாவுக்குக் கால் வலித்தாலும், மொத்தக் குடும்பமும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பக்கூடாது. ஒருவர் கிளம்பினால் மற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். குடும்பத்தோடு மீன் பிடிக்கப் போய்ப் பாதியில் சண்டையோடு திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தூரம்தான் காரணம்.

முகாம் தேடும்போது போனில் நான்கு கேள்வி கேட்டேன். கரை சரிவாக இறங்குகிறதா, செங்குத்தா? குழந்தை நிற்கிற இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம்? இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருக்கிறதா? கரையில் மீன் பிடிக்க அனுமதி தருவது யார்? கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முகாம் நடத்துபவருக்கு நிலம் சொந்தமாக இருக்கும், தண்ணீர் சொந்தமாக இருக்காது. முகாமுக்கு வாடகை கட்டியதாலேயே தூண்டில் போடும் உரிமை வந்துவிடாது. ஏரியைக் கவனிக்கிற துறை ஒன்று தனியாக இருக்கும், அதன் விதிகளும் தனியாக இருக்கும். எந்த மாதத்தில் பிடிக்கக்கூடாது, ஒருவர் எத்தனை தூண்டில் போடலாம், எந்த அளவுக்குச் சின்ன மீனைத் திரும்ப விட வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும்.

வந்து இறங்கியதும் அலுவலகத்தில் அந்த விதிகள் எழுதிய தாளை வாங்கிப் படித்தோம். பெரியவர்களுக்கு நாள் சீட்டு, பெரியவர்களோடு வரும் பிள்ளைகளுக்கு இலவசம். பல நாடுகளில் இப்படி ஒரு சலுகை இருக்கிறது. இங்கிலாந்தில் 13 வயது ஆகாத பிள்ளைகளுக்கு உரிமமே வேண்டாம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் 16 வயது வரை வேண்டாம். இங்கே தூண்டில் பிடிப்பவருக்குத்தான் சீட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டாம் என்றார்கள். அப்பாவுக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும் எடுத்தோம். குடும்பமே கூட்டமாகப் போய் ஆளுக்கொரு சீட்டு வாங்குவதற்கு முன்னால், கேட்டுவிடுவது நல்லது.

பெரியவன் உடனே தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அப்பா விடவில்லை. "இன்னைக்குத் தூண்டில் கிடையாது. சும்மா நடப்போம். தண்ணியப் பாக்காம போடுறவன் புழுவைத்தான் செலவு பண்ணுவான்" என்றார்.

சரி என்று எல்லாரும் நடந்தோம். அப்பா தண்ணீரைவிடப் பறவைகளைத்தான் அதிகம் பார்த்தார். தாழ்ந்த கிளையில் ஒரு மீன்கொத்தி ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தது. அந்தக் கிளைக்குக் கீழே குஞ்சு மீன்கள் உண்டு, குஞ்சு இருக்கும் இடத்தைச் சுற்றிப் பெரிதும் வரும் என்றார். ஒரு கொக்கு முழங்கால் ஆழத்தில் நின்றதைக் காட்டி, "அதோட முழங்கால் உயரந்தான் அங்க ஆழம்" என்று சின்னவளிடம் சொன்னார். அவள் அதற்கப்புறம் வழியெல்லாம் கொக்கைத் தேடிக்கொண்டே வந்தாள்.

நான் வீட்டிலேயே ஏரியின் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்து வந்திருந்தேன். படத்தில் வெளிர் நிறமாகத் தெரிவது மேட்டுத் தண்ணீர், கருத்துத் தெரிவது ஆழம். இரண்டும் சந்திக்கும் கோடுதான் நமக்கு வேண்டியது. மீன் பகலில் ஆழத்தில் இருந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் அந்தக் கோட்டைத் தாண்டி மேட்டுக்கு மேய வரும். நான்கு இடங்களில் பேனாவால் வட்டம் போட்டோம்: முகாமின் மரப்பாலத் துறை, வடக்கே ஓடை வந்து விழும் வாய், எதிர்க்கரையில் தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரம், முகாமுக்கு நேர் கீழே ஒரு நாணல் வளைவு. நாலாவது கையருகே இருந்ததாலோ என்னவோ, அதை யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

திரும்பும்போது பெரியவன் கரையில் திமுதிமுவென்று ஓடினான். அப்பா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "மெதுவா நட. கரை அதிர்ந்தா அங்க தெரிஞ்சிரும்." மீனின் உடம்பில் இரண்டு பக்கமும் செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடும். தண்ணீரின் அசைவை உணரும் உறுப்பு அது. கெண்டை, கெளுத்தி வகைகளுக்கு அதோடு காதும் கூர்மை. வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பைக்கும் உட்காதுக்கும் நடுவே சிறு எலும்புச் சங்கிலி ஒன்று இருந்து, அதிர்வை நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இதைச் சொன்னதும் பெரியவன் முகாம்வரை பூனை மாதிரி நடந்து வந்தான்.

இரண்டாம் நாள், இரவு

இன்று மீன் கிடைத்தது. ஆனால் அதைக் காசு கொடுத்துப் பிடித்தோம்.

காலையில் எல்லாரும் மரப்பாலத் துறைக்குப் போனோம். முகாமில் இருக்கிற எல்லாருக்கும் அதுதான் முதலில் கண்ணில் படும் இடம். எட்டு மணிக்குள் பலகை முழுக்கப் பிள்ளைகள். ஒரு பக்கம் தண்ணீரில் குதிக்கிறார்கள், ஒரு பக்கம் படகு கட்டுகிறார்கள். பலகையில் விழும் ஒவ்வொரு காலடியும் கீழே முரசு மாதிரி கேட்கும். இரண்டு மணி நேரத்தில் தக்கை ஒருமுறைகூட அசையவில்லை. சின்னவளுக்கு அழுகை வரப் பார்த்தது.

பக்கத்தில் ஒரு கட்டண மீன் குளம் இருப்பதாகக் கேள்விப்பட்டு மதியம் அங்கே போனோம். நுழையக் கட்டணம் குறைவுதான். உள்ளே போனபிறகு ஒவ்வொன்றாக வந்தது. சொந்தத் தூண்டில் கூடாது, வாடகைத் தூண்டில்தான். இரையை அங்கேதான் வாங்க வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விடக்கூடாது, எடை போட்டுக் காசு கொடுத்து எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். இந்த விதிகள் எழுதிய பலகை உள்ளே, எடை போடுகிற இடத்தில் இருந்தது. வாசலில் இல்லை. பெரியவன் அரை மணியில் மூன்று மீன் பிடித்துவிட்டான். நாலாவது மாட்டும்போது நானே அவன் கையைப் பிடித்து, போதும்பா என்று சொல்ல வேண்டியதாயிற்று. சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிற பிள்ளையை நிறுத்தச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கணக்குப் பார்த்தால், முகாமில் ஓர் இரவுக்குக் கொடுக்கும் வாடகையைவிட அந்த அரை நாளுக்கு அதிகம் கொடுத்திருக்கிறோம்.

கட்டணக் குளமே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். முதல்முறை தூண்டில் பிடிக்கும் குழந்தைக்கு, மீன் மாட்டும்போது கையில் அந்த இழுவை எப்படி இருக்கும் என்பது ஒருமுறை தெரிந்துவிட்டால், அப்புறம் பொறுமை தானாக வரும். அதற்காக ஒரு மணி நேரம் கட்டணக் குளத்தில் செலவழிக்கலாம். ஆனால் வாசலிலேயே கேட்டுவிட வேண்டும்: கட்டணம் நேரத்துக்கா, தூண்டிலுக்கா, மீனின் எடைக்கா? திரும்ப விடலாமா? சொந்தத் தூண்டில் கொண்டு வரலாமா? பதில் சுற்றி வளைத்து வந்தால் அப்படியே திரும்பிவிடலாம்.

ராத்திரி அப்பா எங்கள் தூண்டில்களைத் தயார் செய்தார். ரீல் எதுவும் கிடையாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த நாலு மூங்கில் கழி, கழியின் நீளத்துக்கே நைலான் நரம்பு, ஒரு தக்கை, ஒரு முள். நரம்பு கழியைவிட நீளமாக இருந்தால் குழந்தைக்குக் கையாள வராது, மீனைக் கரைக்கு இழுத்தாலும் கைக்கு எட்டாது. கழியின் நீளமே இருந்தால் கழியை நிமிர்த்தியதும் மீன் ஊஞ்சல் மாதிரி நேராகக் கைக்கு வரும்.

முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி ஒரு பிசிறு இருக்குமே, அதைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கினார். மீன் வாயிலிருந்து சுலபமாக எடுக்கலாம், குழந்தையின் விரலில் குத்தினாலும் அதே மாதிரி எடுத்துவிடலாம். நரம்பைத் தளரவிடாமல் இழுத்துப் பிடித்திருந்தால் மீன் கழன்று போகாது. ஒரு மீன் தப்பினாலும் பரவாயில்லை, விரல் முக்கியம்.

ஈயக்குண்டுக்குப் பதிலாகச் சின்ன இரும்பு நட்டுகளைக் கட்டச் சொன்னது நான்தான். ஈயக்குண்டை நரம்பில் பொருத்தும்போது எல்லாரும் பல்லால் கடித்து அழுத்துவார்கள், பெரியவனும் அதைத்தான் செய்ய வந்தான். ஈயம் உடம்புக்குள் போகவே கூடாத பொருள், அதிலும் பிள்ளைகளுக்கு. கரையில் அறுந்து விழும் குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கி அன்னங்கள் செத்ததால்தான் பிரிட்டனில் 1987-இல் சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை வந்தது. நட்டு பழைய டப்பாவில் எல்லார் வீட்டிலும் கிடக்கும், காசும் இல்லை.

மூன்றாம் நாள், மாலை

விடியும் முன்பே எழுந்து ஓடை வாய்க்குப் போனோம். அரை மணி நேர நடை. அப்பா கழி ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தார், சின்னவள் பாதித் தூரம் வீட்டுக்காரர் தோளில்.

அப்பா ஓடை வாயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரி சூட்டில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். வெயில் காலத்தில் ஓடை குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுவருகிறது, கல்லில் விழுந்து காற்றையும் கலக்கிக்கொண்டு வருகிறது, வழியில் உதிர்ந்த பூச்சி புழுவையும் அடித்துக்கொண்டு வருகிறது. மூச்சும் சாப்பாடும் ஒரே வாசலில். அங்கே மீன் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆழம் பார்ப்பதை அப்பா பெரியவனிடம் செய்யவிட்டார். இந்த ஒரு வேலையை நான் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து பார்த்தேன். முள்ளில் ஒரு கனமான நட்டைத் தொங்கவிட்டுத் தண்ணீரில் இறக்கினான். தக்கை மூழ்கிக் காணாமல் போயிற்று. "தக்கைக்கும் நட்டுக்கும் நடுவுல நரம்பு பத்தல. தக்கைய ஒரு சாண் மேல தள்ளு." தள்ளி இறக்கினான், மறுபடி மூழ்கியது. இன்னொரு சாண். இந்தமுறை தக்கை தண்ணீரில் படுத்துக்கொண்டது. "இப்ப நரம்பு அதிகம். நாலு விரல் கீழ." நாலு விரல் இறக்கியதும் தக்கையின் சிவப்பு நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதுதான் அந்த இடத்தின் ஆழம், ஒரு விரல்கூடப் பிசகாமல். அப்பா அங்கிருந்து இரண்டு விரல் குறைத்து வைக்கச் சொன்னார், இரை தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க. பெரியவன் இடது பக்கம் நாலடி தள்ளி அதையே செய்தான், அங்கே முழங்கை அளவு ஆழம் கூடுதல். வலது பக்கம் ஒரேயடியாக மேடு. கண்ணால் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிற தண்ணீர்தான். பத்து நிமிடத்தில் அடித்தரையின் வரைபடம் அவன் கையில் இருந்தது. ஆழம் காட்டும் மின்கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இரை மண்புழு. ஓடையோரம் மட்கிய இலைக்குக் கீழே முந்தின சாயங்காலமே தேடி, ஈர மண்ணோடு ஒரு டப்பாவில் போட்டு நிழலில் வைத்திருந்தோம். இரண்டு கெண்டை மாட்டியது, உள்ளங்கை நீளம்தான். அப்பா முதலில் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட்டார். மீனின் மேலிருக்கும் வழுவழுப்பு அதற்குத் தோலுக்கு மேல் தோல். காய்ந்த கையால் பிடித்தால் அது உரிந்துவிடும், அப்புறம் தண்ணீரில் விட்டாலும் நோய் பிடித்துச் செத்துப் போகலாம். தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுத்து, நீந்திப் போகும்வரை உள்ளங்கையில் தாங்கியிருந்தார்.

நல்ல இடம்தான். ஆனால் குடும்பத்துக்கு ஆகாது. கரை முழுக்கப் பாசி படிந்த பாறை. சின்னவள் உயிர்காப்பு உடுப்பு போட்டிருந்தாள். தண்ணீரோரம் இருக்கும்வரை அதைக் கழற்ற விடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். இருந்தாலும் நான் அவள் மேல் வைத்த கையை எடுக்க முடியவில்லை. முக்கால் மணியில் அவளுக்குச் சலித்துவிட்டது. அவளோடு நான் திரும்ப வேண்டும் என்றால் அரை மணி நடை. கடைசியில் எல்லாருமே திரும்பினோம், அப்பாவும்.

மதியம் மேகம் கூடி இடி இடித்தது. மின்னலைப் பார்த்ததும் பெரியவனை எண்ணச் சொன்னேன். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி எடுக்கும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம், கரையை விட்டுக் கிளம்ப வேண்டும். கடைசி இடி கேட்டபிறகும் 30 நிமிடம் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது. கையில் நீளமான கழி, பக்கத்தில் திறந்த தண்ணீர்: மின்னலுக்கு இதைவிட வசதி வேண்டாம். கார்பன் இழைத் தூண்டில்கள் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். மின்கம்பிக்குக் கீழே அவற்றை நிமிர்த்தக்கூடாது என்பதும் அதனால்தான். கூடாரமும் மின்னலுக்குப் பாதுகாப்பில்லை. ஐந்து பேரும் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

காரில் பொழுது போக, முள்ளின் கதையைச் சொன்னேன். ஜப்பானின் ஒகினாவா தீவில் ஒரு குகையில் கிடைத்த தூண்டில் முள்ளுக்கு ஏறக்குறைய 23,000 வயது. கடல் நத்தை ஓட்டைத் தேய்த்துச் செய்தது. சின்னவள் தன் முள் டப்பாவை எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அவங்களுக்கு எந்த இடத்துல போடணும்னு யாரும்மா சொன்னா?" அப்பா முந்திக்கொண்டார். "அவங்க தாத்தா சொல்லியிருப்பாரு."

நாலாம் நாள், இரவு

நாங்கள் தேடிய இடம் கூடாரத்திலிருந்து இருநூறு அடி எடுத்து வைத்தால் வரும் நாணல் வளைவு. முதல் நாளே வட்டம் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் விட்ட நாலாவது இடம்.

ராத்திரி முழுக்க எதிர்க்கரையிலிருந்து காற்று. காலையில் அப்பா எழுந்து வெளியே வந்தவர் அப்படியே நின்று தண்ணீரைப் பார்த்தார். நாணலை ஒட்டி நுரையும் சருகும் ஒரு கோடாக ஒதுங்கியிருந்தன. "காத்து சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டு வந்து இங்க போட்டிருக்கு. மீன் அதுக்குப் பின்னாடியே வந்திருக்கும்" என்றார். காற்று தண்ணீரின் மேல்பரப்பைத் தள்ளும்போது மிதக்கும் நுண்ணுயிர், பூச்சி எல்லாம் அது மோதும் கரையில் சேரும். குஞ்சு மீன் அதைத் தின்ன வரும், பெரிது குஞ்சைத் தின்ன வரும். பெரும்பாலானவர்கள் காற்று முகத்தில் அடிக்கிறது என்று எதிர்க்கரைக்குப் போய்விடுவார்கள். இன்று அந்தக் கரையில் நாங்கள் மட்டும்தான்.

முதலில் தப்புச் செய்தோம். எல்லாரும் தண்ணீர் விளிம்பில் போய் நின்று குனிந்து பார்த்தோம். ஏதோ நாலைந்து நிழல்கள் சட்டென்று விலகின. அப்பா எங்களைப் பத்தடி பின்னால் வரவைத்து உட்காரச் சொன்னார். மீன் தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும்போது வெளி உலகம் முழுவதும் அதன் தலைக்கு மேலே ஒரு வட்டமான ஜன்னலுக்குள் அடங்கித் தெரியும். ஒளி தண்ணீரில் வளைவதால் வருவது அது. ஜன்னலின் விரிவு ஏறக்குறைய 97 பாகை. அந்த வட்டத்துக்கு வெளியே மீனுக்குத் தெரிவது அடித்தரையின் பிரதிபலிப்புதான். நிமிர்ந்து நிற்கும் ஆள் ஜன்னலுக்குள் நன்றாகத் தெரிவார். தள்ளி, தாழ்ந்து உட்கார்ந்திருப்பவர் ஜன்னலின் ஓரத்தில் நசுங்கி, இருப்பதே தெரியாமல் போவார். நாற்காலி போட்டு உட்கார்ந்து பிடிப்பது முழங்கால் வலிக்காரருக்கு மட்டும் வசதி இல்லை, மீனிடமும் அதுதான் எடுபடும்.

வீட்டுக்காரரின் வெயில் கண்ணாடி தண்ணீரில் தெறிக்கும் ஒளியின் கூச்சத்தை வெட்டும் வகை. அதை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தபோது மேட்டுத் தண்ணீரில், மணல் தரையில், தட்டு அளவுக்கு வட்ட வட்டமாகக் குழிகள் தெரிந்தன. ஒவ்வொரு குழிக்கு மேலும் கருத்த மீன் ஒன்று நின்ற இடத்திலேயே துடுப்பை அசைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று பக்கத்தில் வந்தால் பாய்ந்து விரட்டியது. ஜிலேபி மீன்கள். ஆண் மீன் தரையைப் பறித்துக் கூடு கட்டும். அங்கே இடும் முட்டைகளைப் பெண் மீன் வாய்க்குள் எடுத்து வைத்துக்கொண்டு பொரிக்கும். பிள்ளைகள் மாறி மாறிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் யாரும் தூண்டிலையே தொடவில்லை. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

கூடு காக்கிற மீனின் வாயருகே இரையைப் போட்டால் உடனே கவ்வும். பசியால் இல்லை, குப்பையைத் தள்ளுவது மாதிரி அதை வெளியே எடுத்துப் போடத்தான். பெரியவன் ஆசையோடு பார்த்தான். "வேணாம்டா, அது வீட்டைக் காத்துக்கிட்டிருக்கு" என்று அப்பா சொன்னதும் கழியைத் தழைத்துக்கொண்டான். குழிகளைவிட்டு இருபதடி தள்ளி, நாணலுக்குள் இடைவெளி இருந்த இடத்தில் போட்டோம். ஆழம் பார்க்கும் வேலையை யாரும் சொல்லாமலே பெரியவன் செய்தான். இடுப்பளவு.

இரை, தண்ணீர் தெளித்துப் பிசைந்த கோதுமை மாவு. மிளகு அளவு உருண்டை, முள்ளின் நுனி மறையும் அளவுக்குத்தான். பெரிய உருண்டையாக வைத்தால் மீன் ஓரத்தைக் கொறித்துவிட்டுப் போய்விடும். சின்னவளின் தக்கை முதலில் லேசாகத் துள்ளியது. அவள் இழுக்கப் போனாள். அப்பா அவள் மணிக்கட்டில் ஒரு விரலை வைத்து, "இரு... இரு..." என்றார். தக்கை சாய்ந்து, ஒரு பக்கமாக நகர்ந்து, சிவப்பு நுனி தண்ணீருக்குள் இறங்கியது. "இப்ப." கழியை நிமிர்த்தினாள். வளைந்த கழியின் நுனியிலிருந்து வெள்ளி மாதிரி ஒன்று துடித்துக்கொண்டே அவளை நோக்கி வந்தது. அவள் கத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அப்புறம் அவளாகவே குனிந்து இரண்டு கையையும் தண்ணீரில் நனைத்தாள்.

ஜிலேபியின் முதுகில் முள் வரிசை உண்டு. தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவிப் படிய வைத்துத்தான் பிடிக்க வேண்டும், எதிர்ப்பக்கம் போனால் குத்தும். தாளில் சொன்ன அளவுக்கு அரை விரல் குறைவு. அளந்து பார்த்து, விட்டுவிட்டோம். அதற்கப்புறம் அளவான மீன் ஆறு கிடைத்தது. ஐந்து பேருக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் போதும் என்று அதோடு பிள்ளைகள் நிறுத்திக்கொண்டார்கள்.

இடையில் சின்னவள் இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்வந்தாள், கூடப் போனது நான் மட்டும்தான். பெரியவன் கூடாரத்துக்கு ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்துவந்தான். மத்தியானம் அப்பா போய் ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கிவிட்டு வந்தார். தூண்டில் பாட்டுக்குத் தூண்டில் ஓடியது.

இருட்டும் நேரத்தில் அப்பாவுக்கு ஒரு கெளுத்தி மாட்டியது, மண்புழுவில். கெளுத்திக்கு மீசையில் மட்டும் இல்லை, உடம்புத் தோல் முழுக்கவே சுவை அறியும் மொட்டுகள் உண்டு. அதனால் இருட்டிலும் கலங்கலிலும் இரையைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். மார்புத் துடுப்பின் முள் குத்தினால் கடுகடுவென்று வலிக்கும், பல வகைக் கெளுத்திகளின் முள்ளில் விஷம் உண்டு. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, அப்பா நனைத்த துண்டால் பிடித்துத் தூண்டில் முள்ளை எடுத்தார். எத்தனையோ வருடம் கழித்துப் பிடித்த கெளுத்தி. வைத்துக்கொள்ளுங்கள் அப்பா என்றேன். "போதும்மா, சாப்பாட்டுக்குத்தான் இருக்கே" என்று துண்டோடு தண்ணீருக்குள் இறக்கிவிட்டார்.

ஐந்தாம் நாள், காலை

கூடாரத்தைக் காயப்போட்டுவிட்டு எழுதுகிறேன். மத்தியானம் கிளம்புகிறோம்.

தூண்டிலுக்கு ஆன செலவை வீட்டுக்காரர் நேற்று ராத்திரி எழுதிப் பார்த்தார். நரம்பு, முள், தக்கை, நான்கு நாளுக்கு இரண்டு பேருடைய சீட்டு எல்லாம் சேர்த்தாலும், இரண்டாம் நாள் குளத்தில் அரை நாளுக்குக் கொடுத்ததில் பாதிகூட வரவில்லை. முள்ளும் நரம்பும் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

விடிகாலை பிள்ளைகளும் நானும் நாணல் கரையைச் சுத்தம் செய்தோம். எங்களுடைய நரம்புத் துண்டு இரண்டு, வேறு யாரோ விட்டுப்போன நரம்பு ஒரு கைப்பிடி. நைலான் நரம்பு சீக்கிரத்தில் மட்காது, பறவையின் கால் அதில் சுற்றிக்கொண்டால் அவ்வளவுதான். துண்டு துண்டாக வெட்டி ஒரு பாட்டிலில் அடைத்துக் காரில் வைத்தோம். சும்மா குப்பைத் தொட்டியில் போட்டால் அங்கேயும் ஏதாவது ஒரு பறவை கிளறும். கை வலையையும் செருப்புகளையும் கழுவி வெயிலில் போட்டிருக்கிறோம். ஒரு ஏரியின் பாசித் துணுக்கும் நத்தைக் குஞ்சும் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போய்விடும், நன்றாகக் காய்ந்தபிறகுதான் மடித்து வைக்க வேண்டும்.

பக்கத்துக் கூடாரத்துக்கு நேற்று ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் வீட்டில் சின்னவள் வயதில் ஒரு பையன். காலையிலிருந்து மரப்பாலத் துறையில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு வந்த அவனுடைய அம்மா, பக்கத்தில் கட்டணக் குளம் ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பையனைக் கூப்பிட்டுவிட்டாள். இப்போது இரண்டு குடும்பமும் அவளுக்குப் பின்னால் வரிசையாக நாணல் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவள் திரும்பி, வாயில் விரலை வைத்து, எல்லாரையும் மெதுவாக நடக்கச் சொல்கிறாள்.